ஜாக்கியும் நானும் அத்தையும்

கார் ஓட்டத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிற பெண்களில் நானும் ஒருத்தி. 2004-ல், பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த கையோடு, திருச்சியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் போய்க் கற்றுக்கொண்டேன். கியர் மாற்ற, ரிவர்ஸ் எடுக்க, மேட்டில் நிறுத்திக் கிளப்ப எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். டயர் பஞ்சரானால் என்ன செய்வது என்று மட்டும் அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "அதெல்லாம் ஆம்பளைங்க வேலை" என்ற நினைப்புத்தான்! அந்த நினைப்புக்கு நான் கொடுக்க இருந்த விலை என்னவென்று எண்ணினால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

2006, ஆவணி மாதம். புதுக்கோட்டையில் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. இவருக்கு அப்போது சேலத்தில் வேலை. "நான் நேரே வந்துடறேன். நீ அம்மாவையும் குழந்தைகளையும் கூட்டிக்கிட்டு வந்துடு" என்று போனில் சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்தது பழைய மாருதி 800. பின் ஸீட்டில் அத்தையும் (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) ஏழு வயதுப் பெரியவளும் நாலு வயதுச் சின்னவனும். டிக்கியில் புளிசாதமும் தயிர்சாதமும் நிறைந்த தூக்குகள், வளையல் பெட்டி, பழத்தட்டு.

கீரனூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் இடது பக்கப் பின் சக்கரம் சப்பையாக உட்கார்ந்திருக்கிறது! முதல் நாள் இரவு பெய்த மழையில் சாலையோரச் செம்மண் ஊறிக் கிடந்தது. நான் வண்டியை ஓரங்கட்டியிருந்ததும் அந்த ஈர மண்ணில்தான்.

டிக்கியைக் காலி செய்து ஜாக்கியை வெளியே எடுத்தேனே தவிர, அதை எந்தப் பக்கம் வைத்துப் பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒரு மினி லாரி வந்து நின்றது. அந்த டிரைவர் நல்ல மனுஷர். கேட்காமலே இறங்கி வந்தார். "நீங்க தள்ளி நில்லுங்கம்மா" என்று ஜாக்கியை வாங்கி, கதவுக்குக் கீழே கைக்கு எட்டின இடத்தில் நுழைத்தார்.

"இங்கேதான் வைக்கணுமாங்க?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"எங்கே வெச்சா என்னம்மா, வண்டி தூக்கினா சரி!" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

அத்தைக்கு முழங்கால் வலி. "நான் எதுக்கு இறங்கி ஏறணும், உள்ளேயே இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. வண்டி மேலே எழும்பியபோது 'நறநற'வென்று ஒரு சத்தம், தகர டப்பாவை மிதித்தது போல. கவனிக்க வேண்டிய சத்தம் அது; நாங்கள் யாருமே அதைப் பொருட்படுத்தவில்லை. நட்டுகளைக் கழற்றி, சக்கரத்தையும் உருவி எடுத்தாயிற்று. அப்போது பார்த்து ஒரு நட்டு உருண்டு வண்டிக்கு அடியில் போயிற்று. சின்னவன் இருக்கிறானே, "நான் எடுத்துத் தரேன் மாமா!" என்று குப்புறப் படுத்துக் கையை உள்ளே நீட்டினான்.

பெரியவளுக்கு என்ன தோன்றியதோ, தம்பியின் சட்டையைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். அவன் அழுவதற்கு வாயைத் திறந்தான். அதே சமயம் 'தடால்' என்று வண்டி ஜாக்கியிலிருந்து சரிந்து விழுந்தது. சக்கரம் இல்லாத பிரேக் டிரம் செம்மண்ணில் புதைந்து நின்றது. உள்ளே அத்தை, "முருகா!" என்று அலறினார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சின்னவனின் கை இருந்த இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம்! மடியில் அவனைப் போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வந்து, அத்தையை மெல்ல இறக்கிவிட்டு, பின்பக்கத்தைக் கைகொடுத்துத் தூக்கி, எப்படியோ ஸ்டெப்னியை மாட்டி அனுப்பினார்கள். வளைகாப்புக்குப் போய்ச் சேர்ந்தோம். எல்லோருக்கும் வளையல் அடுக்கினார்கள். என் கை நடுக்கம் மட்டும் அடங்கவில்லை.

அந்த டிரைவரை நான் குறை சொல்லவே மாட்டேன். உதவ வந்தவர். தவறு என்னுடையது. என் வண்டி, என் குழந்தை, என் மாமியார். எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

அடுத்த மழைக்கு வண்டிக்குள் தண்ணீர் கசிந்து, கால் மிதியடி ஊறி நாற்றம் எடுத்தது. பின் கதவும் சாத்தும்போது உரசியது. தெருக்கோடி ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போனேன். மெக்கானிக் அண்ணன் வண்டியை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "ஜாக்கியைத் தளத் தகட்டுல வெச்சுட்டாங்கம்மா. அப்பளம் மாதிரி உள்ளே போயிருக்கு பாருங்க" என்றார். தகட்டைத் தட்டி எடுத்து, கிழிந்த இடத்தை வெல்டு வைத்து, பெயிண்ட் அடிக்க 3,500 ரூபாய் ஆயிற்று. அன்றைக்கு அது எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகைச் செலவு!

பணம் போனால் போகிறது என்று திரும்பி வந்திருக்கலாம். ஆனால், "சரியான இடம் எதுன்னு எனக்குக் காட்டுங்கண்ணே" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

"பழைய ஜீப்புக்கெல்லாம் அடியிலே கனமான இரும்புச் சட்டம் உண்டும்மா. இந்த மாதிரி சின்ன காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளை மடிச்சு, ஒட்ட வெச்சு, அந்த உடம்பே வண்டியைத் தாங்குது. அதனாலே எல்லா இடமும் கனம் தாங்காது" என்று விளக்கினார். பிறகு, ஏறி இறங்கும்போது நாம் காலைத் தாண்டி வைக்கிறோமே, அந்தப் படி போன்ற பாகத்தின் அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே இரண்டு மூன்று தகடுகளை ஒன்றாகச் சேர்த்து ஒட்டிய ஓரம், புடவைக் கரை மடித்துத் தைத்தாற்போல, கீழ் நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஓரத்தில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் ஓர் இடம், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஓர் இடம். இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கம் சின்னதாக வெட்டு விட்டிருந்தது. அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவேதான் ஜாக்கி வைக்க வேண்டுமாம். உள்ளே அந்த இடத்தைக் கூடுதல் தகடு கொடுத்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். ஜாக்கியின் தலையில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. அந்த ஓரத் தகடு உள்ளே போய் உட்காரத்தான்!

"வண்டி 650 கிலோ இருக்கும். ஒரு மூலையைத் தூக்கினா சுமார் ரெண்டு அரிசி மூட்டைக் கனம் உங்க உள்ளங்கை அகலத்துலே நிக்கும். அதான் இடம் முக்கியம்" என்றார். எஞ்சின் ஆயில் தொட்டி, பெட்ரோல் டேங்க், சைலன்ஸர் குழாய், பிளாஸ்டிக் மூடி இவற்றின் மேல் ஜாக்கி படவே கூடாதாம். ஒர்க் ஷாப்பில் உருட்டிக்கொண்டு வரும் டிராலி ஜாக்கிக்குத் தலை தட்டையாக இருக்கும். அதை அப்படியே ஓரத் தகட்டில் வைத்தால் தகடு மடங்கிவிடும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையைக் கொடுத்துத்தான் தூக்க வேண்டும். பெயிண்ட் விரிசல் விட்டால் அங்கேதான் துரு முதலில் பிடிக்கும். பிறகு சரியான இடத்தில் வைத்தாலும் பொடிப்பொடியாக உதிரும்.

அன்று சாயங்காலமே வாசலில் ஒத்திகை ஆரம்பமாகிவிட்டது! நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மணையைப் போட்டு உட்கார்ந்து ஜாக்கியைச் சுற்றினேன். எதிர் வீட்டு மாமா, "என்னம்மா, ஒர்க் ஷாப் வைக்கப் போறியா?" என்று கேலி செய்தார். அத்தை திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கூப்பிட்டு அந்த வெட்டுகளைத் தடவிக் காட்டச் சொன்னார். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது:

"அட, இதுக்கும் தூக்கற இடம்னு ஒண்ணு இருக்கா! அண்டான்னா வளையத்தைப் பிடிச்சுத் தூக்கறோம். பச்சைக் குழந்தைன்னா கழுத்துக்குக் கீழே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. இவ்வளவு பெரிய வண்டியை மட்டும் எங்கே வேணா பிடிச்சுத் தூக்கலாம்னு எப்படி நினைச்சோம்?"

எவ்வளவு உண்மை! தலை நிற்காத குழந்தையை யாராவது விருந்தாளி அலட்சியமாகத் தூக்கினால் நாம் பதறிப்போய்க் கையை நீட்ட மாட்டோமா? நடக்கிற குழந்தையைக்கூட மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது, முழங்கை மூட்டு விலகும், அக்குளில் கைகொடுத்துத்தான் தூக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதை அறிவோம். தூக்குவதற்கு முன் தூக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது நமக்குப் பழகிய பாடம்தான். அதை வாசலில் நிற்கும் காருக்கும் கொஞ்சம் நீட்டிக்கொண்டால் போதும்.

இனி, நான் கற்றுக்கொண்ட முறையைச் சொல்கிறேன். கார் வைத்திருக்கும் சகோதரிகள் ஒருமுறை வீட்டு வாசலிலேயே செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். பஞ்சர் என்று தெரிந்ததும் அங்கேயே நிறுத்த வேண்டியதில்லை. மெல்ல உருட்டிக்கொண்டு போய்ச் சமமான, கெட்டியான தரையில், வண்டிகள் உரசிப் போகாத ஓரமாக நிறுத்துங்கள். டயர் கெட்டாலும் பரவாயில்லை, உயிர் பெரிது. எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். தரை இளக்கமாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் அகலமான மரப்பலகை போடலாம். செங்கல் வேண்டாம், கனத்தில் பிளந்துவிடும்.

இரண்டாவது, எல்லோரையும் இறக்கிவிடுங்கள், முழங்கால் வலிக்காரர்கள் உட்பட! குழந்தைகளை ரோட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி, ஒரு பெரியவர் கையில் ஒப்படையுங்கள்.

மூன்றாவது, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விடுங்கள். (ஆட்டோமேட்டிக் வண்டியானால் 'பி'யில்.) அதோடு, தூக்கப் போகும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கினால் அதன் பிடியில் பாதி போய்விடுகிறது. எங்கள் வண்டி அன்று சரிந்ததற்கு ஈர மண், தவறான இடம், கல் வைக்காதது ஆகிய மூன்றும் காரணம் என்றார் மெக்கானிக் அண்ணன்.

நான்காவது, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று மட்டும் தளர்த்திக்கொள்ள வேண்டும். இடமிருந்து வலமாக அல்ல. வலமிருந்து இடமாகச் சுற்றினால் தளரும். தூக்கிய பிறகு மல்லுக்கட்டினால் வண்டி ஆடி ஜாக்கி நழுவும்.

ஐந்தாவது, குனிந்து பார்த்து, விரலால் தடவி அந்த இரண்டு வெட்டுகளைக் கண்டுபிடியுங்கள். ஜாக்கியை அதற்கு நேர் கீழே நிமிர்த்தி வைத்து, ஓரத் தகடு தலைப் பள்ளத்தில் சரியாக உட்காரும்வரை கையாலேயே சுற்றுங்கள். பிறகு கைப்பிடியை மாட்டி நிதானமாகச் சுற்றுங்கள். 'நறநற' என்று கேட்டாலோ, ஜாக்கி சாய்ந்தாலோ உடனே இறக்கிவிட்டு மறுபடி வையுங்கள். டயர் தரையைவிட்டுக் கொஞ்சம் எழும்பினால் போதும். காற்றுள்ள ஸ்டெப்னி நுழைய இன்னும் இரண்டு விரற்கடை.

ஆறாவது, தூக்கியவுடன் ஸ்டெப்னியைக் கதவுக்குக் கீழே, ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டிக்கடியில் படுக்கப் போடுங்கள். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றியதும் அதைப் போட்டுவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்ளலாம். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையையோ கையையோ காலையோ வண்டிக்கு அடியில் ஒருபோதும் நீட்டாதீர்கள். நட்டு உருண்டால் குச்சியால் தள்ளி எடுங்கள்!

ஏழாவது, நட்டின் சரிந்த முனை சக்கரத்தின் பக்கம் இருக்க வேண்டும். கையால் முடுக்கி, எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு மறுபடி எதிரெதிராக நன்றாக இறுக்குங்கள். மரைக்கு எண்ணெய் போடாதீர்கள். வழியில் வரும் முதல் ஒர்க் ஷாப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம் உடம்புக்கும் ஒரு வார்த்தை. நின்றபடி இடுப்பை வளைத்து வேலை செய்யாதீர்கள். மறுநாள் முதுகு பிடித்துக்கொள்ளும். தாழ்வாக உட்கார்ந்து செய்யுங்கள். ஸ்டெப்னியைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்குங்கள், முடிந்தவரை உருட்டுங்கள். தலைப்பு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் செருகிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும், பிரசவமாகியோ ஆபரேஷன் ஆகியோ சில மாதமே ஆனவர்களும் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்து உதவி கேட்கலாம்.

இத்தனையும் கற்றதற்குப் பரீட்சை வந்தது 2008, தை மாதம். அத்தைக்குத் தஞ்சாவூரில் கண் புரை ஆபரேஷன் முடிந்து, மறு பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். செங்கிப்பட்டி அருகே பொழுது சாயும் நேரத்தில் முன் சக்கரம் பஞ்சர். என் நெஞ்சு படபடத்தது உண்மை. ஆனால் கை தானாக வேலையை ஆரம்பித்தது. அத்தையை இறக்கி ஒரு மைல்கல்லின் மேல் உட்கார வைத்தேன். கல் வைத்தேன். நட்டைத் தளர்த்தினேன்.

அப்போது மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். "நகருங்கக்கா, நாங்க பார்த்துக்கறோம்" என்று ஒருவர் ஜாக்கியை எடுத்துக் கதவுக்கு நடுவே கொண்டுபோனார். நான் வாயைத் திறப்பதற்குள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மைல்கல்லில் உட்கார்ந்திருந்த அத்தை குரல் கொடுத்தார்:

"தம்பி! அங்கே வைக்காதே! சக்கரத்துக்குப் பின்னாலே ரெண்டு வெட்டு இருக்கும் பாரு, அதுக்கு நடுவுலே வை! எங்க மருமகளைக் கேளு, காட்டுவா!"

அந்தப் பையன் அசந்துபோய் ஜாக்கியை என்னிடமே கொடுத்துவிட்டு, டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்தைந்து நிமிஷத்தில் சக்கரம் மாற்றிவிட்டுக் கிளம்பினோம். வழியெல்லாம் அத்தை, மகன் வந்ததும் சொல்ல வேண்டிய கதையை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். 'எங்க மருமக' என்று அவர் அன்று சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த மாருதி எங்களை விட்டுப் போய்ப் பல வருஷமாயிற்று. அன்று தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தவள், 2024-ல் தன் சம்பளத்தில் சொந்தமாகக் கார் வாங்கினாள். கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பக்கவாட்டில் பிளாஸ்டிக் பட்டையெல்லாம் வைத்த புது வண்டி. ஸ்டெப்னி மற்றச் சக்கரங்களைவிடச் சிறியது. அதைப் போட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கிறது. சில புது வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது, காற்றடிக்கும் கருவியும் பசையும்தான்.

எல்லோரும் வண்டியின் கலரையும் ஸீட்டையும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், பேத்தியைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டும்டி. தூக்கற இடம் எங்கேன்னு பார்த்தியா?"

பெரியவள் சிரித்துக்கொண்டே, வண்டியோடு கொடுத்த கையேட்டைப் பிரித்து, பாட்டியின் மடியில் வைத்து, அந்தப் படத்தைக் காட்டினாள்.